கடைசி பஸ் தங்கும் ஊர்

தங்கையை நாகர்கோவிலில் கட்டிக்கொடுத்து இருபது வருஷம் ஆகிறது. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் போய்விடுவது என்று அம்மாவுக்கு ஒரு நேர்ச்சை. டிசம்பர் 3-ஆம் தேதியோடு திருவிழா முடியும். அதற்கு இரண்டு நாள் முன்னால் நாங்கள் அங்கே இருக்க வேண்டும். எங்கள் ஊரான வரதராஜன்பேட்டையிலிருந்து நாகர்கோவில் 400 கிலோமீட்டருக்கு மேல். முதல் பதினைந்து வருஷமும் திருச்சிக்குப் போய் ராத்திரி பஸ் பிடித்து, விடியும்போது வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கிக்கொண்டிருந்தோம்.

அம்மாவுக்கு எழுபது தாண்டியது. ஒரு விடியற்காலை வடசேரியில் எல்லோரும் இறங்கிய பிறகும் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் இரண்டும் வீங்கி, காலை மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டரும் நானும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து இறக்கினோம். "இனிமே என்னைக் கூட்டிட்டு வராதடி" என்றாள். அதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள். வலியைவிட, நேர்ச்சை தவறிப்போகுமே என்ற பயம்தான் அந்த அழுகை.

ரயிலில் போகலாமே என்பார்கள். அரியலூர் ஸ்டேஷன் எங்களுக்குத் தூரம். திருவிழா சமயத்தில் டிக்கெட் கிடைப்பதும் அரிது. நடுராத்திரியில் இரண்டு நிமிஷம் நிற்கிற ரயிலில், அந்த உயரப் படியில் அம்மாவை ஏற்ற எனக்குத் துணிச்சல் வரவில்லை. மருத்துவர் சொன்னது ஒன்றுதான்: இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே இருக்கையில் உட்காரக் கூடாது. அப்படியானால் பயணத்தை வெட்ட வேண்டும். பகலில் போவது, ஊர் ஊராக இறங்குவது, ஓர் இரவு நடுவில் தங்குவது. ஆனால் எந்த ஊரில், எப்படித் தங்குவது? அதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று பயணம் ஆனது.

முதல் பயணத்தில், தேசப்படத்தில் சரியாக நடுவில் இருக்கிறது என்று ஒரு சின்ன ஊரைத் தேர்ந்தெடுத்தேன். நாற்கர சாலையில் அத்தனை பஸ்ஸும் அந்த வழியாகத்தான் போகின்றன, காலையில் ஏதாவது ஒன்றில் ஏறிக்கொள்ளலாம் என்று கணக்கு. சாயங்காலம் ஏழு மணிக்கு பஸ் எங்களை இறக்கிவிட்ட இடம் பைபாஸ். ஊர் இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருந்தது. தெருவிளக்கு கிடையாது, ஆட்டோ கிடையாது. அம்மா கைப்பையின் மேல் உட்கார்ந்துகொண்டாள். பால் கேன் ஏற்றிவந்த வேன் ஒன்று நின்று ஏற்றிக்கொண்டது. மறுநாள் காலை அதைவிட மோசம். வந்த பஸ்ஸெல்லாம் மதுரையிலேயே நிரம்பி வந்தன. இரண்டு மணி நேரம் நின்றோம்.

அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான் அப்பாவின் நினைவு வந்தது. அப்பா முந்திரி வியாபாரி. ஆண்டிமடம், விருத்தாசலம், பண்ருட்டி என்று மூட்டையோடு அலைந்தவர். எங்கள் பக்கம் செம்மண் பூமி. ஊரைத் தாண்டினால் முந்திரிக்காடுதான். அந்தக் காட்டுக் கிராமங்களுக்கு நைட் ஹால்ட் பஸ் என்று ஒன்று வரும். ராத்திரி கடைசி நடையாக வந்து கிராமத்திலேயே நின்றுவிடும். டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்துக்கொள்வார்கள். விடியற்காலையில் ஹார்ன் அடித்து ஊரை எழுப்பிவிட்டு முதல் நடையாகப் புறப்படும். அப்பா வெளியூரில் தங்க நேர்ந்தால் அப்படிப்பட்ட ஊராகப் பார்த்துத்தான் தங்குவார். "கடைசி பஸ் எங்க படுக்குதோ, அங்கதான் நாமளும் படுக்கணும். முதல் பஸ் நமக்குத்தான்" என்பார். சின்ன வயதில் அதை வெறும் பேச்சாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பஸ் வந்துபோகிற ஊர் வேறு, பஸ் புறப்படுகிற ஊர் வேறு. நீங்கள் தங்க வேண்டியது புறப்படுகிற ஊரில். அங்கே காலி பஸ்ஸில் ஏறி, இறங்குவதற்கு வசதியாக முன்படிக்கு அருகே இருக்கை பிடித்து, அம்மாவின் காலை நீட்டிவைக்க முடியும். அந்த ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது? அரசுப் பஸ்ஸில் எந்தக் கிளையைச் சேர்ந்தது என்று பெயரோ குறியோ எழுதியிருப்பார்கள். கிளை என்றால் டெப்போ. எங்களுக்கு ஜெயங்கொண்டம் கிளை மாதிரி. டெப்போ இருக்கிற ஊரில் விடியற்காலை நாலு மணிக்கே டிரைவர்கள் வேலைக்கு வருவார்கள். அவர்களுக்காக டீக்கடை திறந்திருக்கும். டீக்கடை வெளிச்சத்தில் நாலு ஆட்டோ நிற்கும். தனியாகப் போகிற பெண்ணுக்கு அந்த வெளிச்சத்தின் அருமை தெரியும்.

இரண்டாவது பயணத்திலிருந்து கோவில்பட்டிதான் எங்கள் தங்கல். மதுரையிலேயே தங்கிவிடலாமே என்று தங்கை கேட்டாள். பெரிய ஊரில் மாட்டுத்தாவணியில் இறங்கி, ஆட்டோ பேசி, போக்குவரத்தில் ஊர்ந்து, காலையில் மறுபடி அதே பாடுபட்டு வருவதற்குள் பாதி நாள் போய்விடும். கோவில்பட்டியில் பஸ் ஸ்டாண்டும் லாட்ஜும் சாப்பாட்டுக் கடையும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. தீப்பெட்டி, கடலை மிட்டாய் வியாபாரத்துக்கு வெளியூர்க்காரர்கள் வந்துபோகிற ஊர் என்பதால், பையோடு வந்து நிற்கிறவரை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. முதல் தடவை லாட்ஜில் பெரியவர் ஒருவர் அம்மாவைப் பார்த்து, "எங்கிட்டிருந்து வாறீக தாயி?" என்று கேட்டார். அந்தப் பேச்சின் குழைவிலேயே அம்மாவுக்குப் பாதி வலி போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதைக் கேள்விப்பட்டபோது சொந்த ஊருக்குக் கிடைத்தது போல அம்மா சந்தோஷப்பட்டாள்.

பஸ்ஸில் ஏறுவதற்கு முன் நான் இப்போதெல்லாம் கண்டக்டரிடம் கேட்கிற கேள்வி, "அண்ணே, ஊருக்குள்ள போகுமா, பைபாஸ்லயே போயிருமா?" என்பதுதான். போகுமா என்று மட்டும் கேட்டால், போகும் என்றுதான் பதில் வரும். சாலை நாலு வழியானபோது பாதி ஊர்கள் ஓரமாக ஒதுங்கிவிட்டன. பலகையில் ஊர்ப் பெயர் இருப்பதை நம்பக் கூடாது. ஊருக்குள் போகிற பஸ் கொஞ்சம் மெதுவாகப் போகும். நம்மைப் போன்றவர்களுக்கு அதுவே நல்லது. திருச்சிக்கும் மதுரைக்கும் நடுவே துவரங்குறிச்சிக்குள் போகிற பஸ்ஸாகப் பார்த்து ஏறி, அங்கே இறங்கி, மதியச் சாப்பாட்டை முடித்து, அம்மாவைப் பத்து நிமிஷம் நடக்கவைத்துத்தான் அடுத்த பஸ். திருச்சியில் 2025-இலிருந்து வெளியூர் பஸ்கள் பஞ்சப்பூருக்கு மாறியிருக்கின்றன. பழைய நினைப்பில் மத்திய பஸ் நிலையத்துக்குப் போய் நின்றுவிடாதீர்கள்.

அறை விஷயத்தில் நான் பட்டது கார்த்திகை மாதத்தால். ஐயப்ப பக்தர்கள் தெற்கே போகிற மாதம், முகூர்த்தமும் நிறைய. மூன்றாவது பயணத்தில் அறை கேட்டுப் போன நாலு இடத்திலும் கல்யாண வீட்டார்தான். ஐந்தாவதில் மூன்றாம் மாடியில் ஓர் அறை கிடைத்தது. அம்மா ஒவ்வொரு படியாக உட்கார்ந்து ஏறினாள். அதிலிருந்து தேதி குறிப்பதற்கு முன் நாட்காட்டியைப் பார்க்கிறேன். முகூர்த்த நாளுக்கு முதல் நாள் ராத்திரி எந்தச் சின்ன ஊரிலும் அறை இருக்காது. அடுத்தது, போன் செய்யும்போதே "கீழ்த்தளத்துல இருக்கா?" என்று கேட்டுவிடுவது. வாடகையைப் பிறகு கேட்கலாம். இருபத்துநாலு மணி நேரக் கணக்கா, மதியம் பன்னிரண்டுக்குக் காலி செய்ய வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் பக்கத்து லாட்ஜுகள் பலவற்றில் இருபத்துநாலு மணி நேரக் கணக்குதான். சாயங்காலம் ஐந்துக்குப் போனால் மறுநாள் ஐந்து வரை அறை நமக்கு. மறுநாள் பகலில் பக்கத்து ஊரைப் பார்த்துவிட்டு வந்து, குளித்து, இளைப்பாறிப் புறப்படலாம்.

அப்படிப் பார்த்ததுதான் கழுகுமலை. கோவில்பட்டியிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோயில், பாண்டியர் காலத்தது, எட்டாம் நூற்றாண்டு, முடிக்கப்படாமல் நிற்கிறது. மேலே ஏற முடியாது என்று அம்மா கீழேயே உட்கார்ந்துகொண்டாள். நான் மட்டும் போய், வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் உருவங்களைப் பார்த்துவிட்டு வந்தேன். மறு வருஷம் அம்மாவுக்காகக் காமநாயக்கன்பட்டி போனோம். பரலோக மாதா கோயிலில் அவள் வெகுநேரம் முட்டுப்போடாமல் உட்கார்ந்தபடியே செபித்தாள். வீரமாமுனிவர் அங்கே பணியாற்றியவர் என்று சொன்னார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் கட்டியவரும் அவர்தானே. இத்தாலியிலிருந்து 1710-ஐ ஒட்டி இங்கே வந்த மனிதர், கரிசல் காட்டிலிருந்து கொள்ளிடக்கரை வரைக்கும், பஸ்ஸும் தார்ச்சாலையும் இல்லாத காலத்தில் போயிருக்கிறார். எத்தனை இரவுகள், எந்தெந்த ஊர்த் திண்ணைகளில் தங்கியிருப்பார்!

அந்தக் காலத்தில் வழிப்போக்கர் தங்குவதற்கென்றே ஊர்கள் இருந்தன. ராணி மங்கம்மாள் 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்டபோது போட்ட சாலைகளையும் கட்டிய சத்திரங்களையும் தெற்கே இன்றும் பேசுகிறார்கள். ஊர்ப் பெயரிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. சத்திரம், சாவடி, சந்தை, பேட்டை என்று முடிகிற பெயரைப் பாருங்கள். பேட்டை என்றால் சந்தை கூடுகிற இடம். மாட்டை அவிழ்த்துக் கட்டி வண்டிகள் நிற்கிற இடத்தை வண்டிப்பேட்டை என்போம். எங்கள் ஊர்ப் பெயரும் பேட்டை என்று முடிகிறது என்பது ஐம்பது வயதுக்கு மேல்தான் எனக்கு உறைத்தது. இப்போது புதிய வழியில் போக நேர்ந்தால், அப்படிப் பெயருள்ள ஊரை முதலில் விசாரிக்கிறேன். பல சமயம் அங்கே நாலு சாலை சேர்கிறது, வாரச்சந்தை இருக்கிறது, சாப்பாடு நன்றாக இருக்கிறது.

சாப்பாட்டுக்கு, அந்த ஊர் டிரைவர்கள் தங்கள் கைக்காசு கொடுத்துச் சாப்பிடுகிற இடத்தைக் கேட்டுப் போவேன். டெப்போ வாசலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நெடுஞ்சாலையில் தனியாக நிற்கிற மோட்டல்களில் நாங்கள் தண்ணீர்கூட வாங்குவதில்லை. பெண்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் பயணம் செய்வது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். அம்மாவும் அப்படித்தான் இருந்தாள். கால் வீக்கத்தோடு தலைச்சுற்றலும் சேர்ந்துகொண்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்குவதென்று ஆன பிறகு அந்தப் பயம் போயிற்று. பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பிடத்துக்குச் சில்லறையைத் தனிச் சுருக்குப் பையில் வைத்திருக்கிறோம்.

நேரம் பற்றி ஒரு கட்டாயம்: இருட்டுவதற்கு முன் தங்குகிற ஊரில் இறங்கிவிட வேண்டும். அதற்காகவே நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்புவது ஜெயங்கொண்டம் போகிற முதல் பஸ்ஸில். அலங்கார அன்னை கோயில் பக்கம் பார்த்து அம்மா சிலுவை போட்டுக்கொள்வாள். டான் போஸ்கோ பள்ளி வாசல் அப்போது வெறிச்சோடிக் கிடக்கும். மதுரை தாண்டும்போது மூன்று மணி, கோவில்பட்டியில் வெளிச்சத்தோடு இறக்கம். மறுநாள் திருநெல்வேலி வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் ஓர் இறக்கம், பிறகு வடசேரி. முன்னே ஒரு ராத்திரியில் முடிந்த பயணம் இப்போது இரண்டு பகல். செலவும் கூடுதல்தான். ஆனால் போன டிசம்பரில் வடசேரியில் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கினாள். தங்கை ஓடிவந்து கை நீட்டினாள். அம்மா அவளிடம் பையை மட்டும் கொடுத்தாள்.

திரும்பி வந்து ஒரு வாரம் இருக்கும். எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் வெளியூர்த் தம்பதி நின்றிருந்தார்கள். இருவருக்கும் அறுபதுக்கு மேல். விருத்தாசலம் வழியாக வந்தவர்களாம். கோயிலைப் பார்க்க இறங்கியிருக்கிறார்கள். வேளாங்கண்ணிக்கு இப்படியே நின்று நின்று போவதாக உத்தேசம். "இங்க ராத்திரி தங்கலாமாம்மா?" என்று அந்த அம்மா கேட்டார். ஜெயங்கொண்டம் போய்விடுங்கள் என்றேன். டெப்போ ஊர், காலையில் அங்கிருந்தே பஸ் புறப்படும். விடிந்ததும் கங்கைகொண்ட சோழபுரத்தில் இறங்குங்கள். கோயில் கிழக்குப் பார்த்தது, காலை வெயில் முகப்பில் விழும். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதற்குள் பாருங்கள். அங்கிருந்து அணைக்கரை வழியாகக் கும்பகோணம். 1836-இல் அணைக்கரையில் கீழணை கட்டும்போது கங்கைகொண்ட சோழபுரத்துக் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள் என்று சொன்னதும் அந்த ஐயா, "அப்படியா, பாலத்துல போகும்போது பாத்துக்கறேன்" என்றார். பஸ் வந்தது. கண்டக்டரிடம் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே இறக்கிவிடச் சொல்லி ஏற்றிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"கீழ்த்தளத்துல ரூம் கேக்கச் சொன்னியா?"

சொல்லவில்லை. அந்த ஐயா கேட்டு வாங்கியிருந்த என் நம்பர் அவரிடம் இருந்தது. அவருடையதை நான் வாங்கிக்கொள்ளவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன்.