திட்ட விலக்கக் கணக்கு: எந்த வரியில் நின்றீர்கள்?



பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும் நாட்களில் நமது மாலை நேரப் படிப்பு மையத்திற்கு வரும் பிள்ளைகளிடம் அடிக்கடி கேட்கும் வார்த்தை, "எட்டாவது பாடம் வரவே மாட்டேங்குது" என்பதுதான். புள்ளியியலும் நிகழ்தகவும் என்ற கடைசிப் பாடம் அது. நோட்டை வாங்கிப் பார்த்தால் வினா அழகாக எழுதியிருக்கும். அதன் கீழே சூத்திரம் இருக்கும். அதற்குக் கீழே ஒன்றும் இருக்காது.

வீட்டில் கேட்க ஆள் இல்லை. பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் அத்தாவுக்கும், சேலத்தில் கொலுசுக்குப் பொடி வைக்கும் அம்மாவுக்கும் பிள்ளை படிக்க வேண்டும் என்ற ஆசை நிறைய உண்டு. ஆனால் 'திட்ட விலக்கம்' என்ற சொல்லை அவர்கள் கேட்டதே இல்லை. வீட்டில் உருது பேசும் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் இன்னும் தூரம். ஆகவே உதவி பள்ளி ஆசிரியரிடமிருந்தோ, மஹல்லாவில் கல்லூரி படிக்கும் அண்ணன், அக்காவிடமிருந்தோதான் வர வேண்டும். தேர்வு நேரத்தில் அவர்களிடம் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. அந்தப் பத்து நிமிடத்தில் "பாடமே புரியலை" என்று சொன்னால் அவர்கள் எங்கிருந்து தொடங்குவார்கள்? எந்த வரி வரை வந்தீர்கள், எதில் நின்றீர்கள் என்று நோட்டில் காட்டுங்கள். தவறாக எழுதிய வரியையும் அழிக்காமல் காட்டுங்கள்.

பிள்ளைகள் அதிகம் நிற்கும் ஒரு வகைக் கணக்கை நம் ஊர் முட்டையை வைத்தே பார்ப்போம்.

நாமக்கல்லில் ஒரு பண்ணையில் 9 முட்டைகளை எடை போட்டார்கள். சராசரி 53 கிராம், திட்ட விலக்கம் 4 கிராம் என்று வந்தது. பிறகு பார்த்தால் ஒரு முட்டையின் எடை 54 என்பதை 45 என்று மாற்றி எழுதியிருக்கிறார்கள். சரியான சராசரியும் திட்ட விலக்கமும் என்ன?

சராசரியை எல்லோரும் போட்டுவிடுகிறார்கள். பழைய கூடுதல் 9 × 53 = 477. அதில் 45 கழித்து 54 கூட்டினால் 486. ஒன்பதால் வகுத்தால் 54. இதுவரை சிக்கல் இல்லை.

அடுத்த வரியில்தான் பேனா நிற்கிறது. ஒன்பது எடைகளும் தனித்தனியாகத் தரப்படவில்லையே, வர்க்கங்களுக்கு எங்கே போவது? சூத்திரத்தைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். திட்ட விலக்கத்தின் வர்க்கம் என்பது, வர்க்கங்களின் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழித்தது. இங்கே அது 16. சராசரியின் வர்க்கம் 53 × 53 = 2809. அப்படியானால் வர்க்கங்களின் சராசரி 2825, வர்க்கங்களின் கூடுதல் 9 × 2825 = 25425. தரப்படாதது போல் தெரிந்த எண் வினாவுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

இப்போது தவறான எடையின் வர்க்கம் 2025-ஐக் கழித்து, சரியான எடையின் வர்க்கம் 2916-ஐக் கூட்டினால் 26316. ஒன்பதால் வகுத்தால் 2924. இதிலிருந்து புதிய சராசரியின் வர்க்கம் 2916-ஐக் கழித்தால் 8. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2.83 கிராம்.

இதில் இரண்டு இடங்களில் பிள்ளைகள் தவறுகிறார்கள். 54-க்கும் 45-க்கும் வித்தியாசம் 9 என்று பார்த்து, 9-இன் வர்க்கம் 81-ஐக் கூட்டிவிடுகிறார்கள். கூட்ட வேண்டியது வர்க்கங்களின் வித்தியாசம், அது 891. மற்றொன்று, கடைசி வரியில் பழைய சராசரி 53-ஐயே போடுவது. அப்படிப் போட்டால் 2924 − 2809 = 115, திட்ட விலக்கம் பத்துக்கு மேல் போய்விடும். இந்த விடை தவறு என்று யாரும் சொல்லாமலேயே கண்டுபிடிக்கலாம். மற்ற முட்டைகளை விட்டுத் தனியாக எட்டி நின்ற 45-ஐ எடுத்துவிட்டு, நடுவில் இருக்கும் 54-ஐ வைத்திருக்கிறோம். சிதறல் குறையத்தான் வேண்டும், கூடக் கூடாது. 'திட்ட விலக்கம்' என்ற சொல் பயமுறுத்தினாலும், எடைகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைத்தான் அது சொல்கிறது.

சந்தேகம் இருந்தால் நான்கு முட்டை 51 கிராம், நான்கு முட்டை 57 கிராம், ஒன்று 54 என்று எடுத்து நேரடியாகப் போட்டுப் பாருங்கள். அதே 54-உம் 2.83-உம் வரும். விடையை மட்டும் அச்சடித்து நடு வரிகளை விழுங்கிவிடும் கைடுகளை விட, இப்படிச் சொந்தமாகச் சரிபார்ப்பது மேல் என்பது நம் அபிப்பிராயம்.

கணித வினாத்தாளில் 100 மதிப்பெண்ணில் 50 மதிப்பெண் ஐந்து மதிப்பெண் வினாக்களிலிருந்து வருகிறது. இந்தக் கணக்கு அந்தப் பகுதிக்கு உரியது. விடை வரவில்லை என்று முழுவதையும் அடித்துவிடாதீர்கள். சரியாக எழுதிய படிகளுக்கு மதிப்பெண் உண்டு. தேர்ச்சிக்கு வேண்டியது 35. ஓரிரு மதிப்பெண்ணில் அது நழுவினால் துணைத் தேர்வு இருக்கிறது. ஆனாலும் சில வீடுகளில், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, படிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. பெற்றோரிடம் நாம் கேட்பது ஒன்றுதான். கணக்கு உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, இரவில் பிள்ளையிடம் "இன்னைக்கு எந்தக் கணக்குல நின்னே, யார்கிட்ட கேட்டே?" என்று மட்டும் கேளுங்கள்.

பயிற்சிக்கு ஒன்று: ஐந்து எண்களின் சராசரி 6, விலக்க வர்க்கச் சராசரி 8. அவற்றில் மூன்று எண்கள் 2, 6, 8. மற்ற இரண்டு எவை? விடை 4, 10. வழி மேலே சொன்னதுதான். கூடுதலையும் வர்க்கங்களின் கூடுதலையும் பின்னாலிருந்து எடுங்கள். நடுவில் நின்றுவிட்டால், நின்ற வரியோடு நோட்டை மையத்திற்கு எடுத்து வாருங்கள். மஃரிபுக்குப் பிறகு ஆள் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.