விமான எஞ்சினுக்கும் உண்டு 'பேட்ச்'

உங்கள் புதிய கம்ப்யூட்டர் திரையின் வலது கீழ் மூலையில் அவ்வப்போது ஒரு செய்தி வரும். அப்டேட் தயார், ரீஸ்டார்ட் செய்யவா என்று கேட்கும். 'பிறகு' என்பதைக் கிளிக் செய்துவிட்டு நம் வேலையைப் பார்ப்போம். நானும் அப்படித்தான். அப்டேட் போட்ட மறுநாள் பிரிண்டர் மக்கர் செய்த அனுபவம் எனக்கும் உண்டு. ஆனால் சிறிய விமானத்தில் இந்த 'பிறகு' பட்டன் கிடையாது.

சிறிய விமானம் நமக்குத் தூரத்துச் சங்கதி அல்ல. 2004ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும் வரை ஓசூர் நம் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. ஓசூர் அருகே பேளகொண்டபள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் 1990களில் பி68சி என்ற ஆறு இருக்கை விமானத்தைத் தயாரித்தது. பெங்களூரு தேசிய ஏரோஸ்பேஸ் ஆய்வகம் வடிவமைத்த ஹன்சா 3 என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானத்தின் தயாரிப்பிலும் அதற்குப் பங்கு உண்டு. ஹன்சா 3ல் இருப்பது ஆஸ்திரிய நாட்டு ரோட்டாக்ஸ் 914 எஞ்சின்.

இந்த எஞ்சினில் இரண்டு கார்புரேட்டர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு சிறு மிதவைகள். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து குழாயை மூடுகிறதல்லவா? அதே வேலைதான். 2017ல் ரோட்டாக்ஸ் 912, 914 எஞ்சின்களுக்கான சில மிதவைகளில் தயாரிப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டது. மேல்தோல் பிரிந்து பெட்ரோல் உள்ளே புகும். மிதவை கனத்துத் தாழும். பெட்ரோல் அளவுக்கு மேல் ஏறி எஞ்சின் தடுமாறும், நின்றும் போகலாம். வழியும் பெட்ரோலில் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. மிதவையைச் சோதிக்கும் முறையோ மிக எளிது: தராசில் வைப்பது! ஒரு கார்புரேட்டரின் இரண்டு மிதவைகளும் சேர்ந்து 7 கிராமைத் தாண்டக்கூடாது.

எஞ்சின் நிறுவனம் சர்வீஸ் புல்லட்டின் வெளியிட்டது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு அதைக் கட்டாய உத்தரவாக்கியது. இதுதான் பேட்ச். நம் சாப்ட்வேருக்கு வெர்ஷன் எண் போல, இதில் பாகத்தின் எண்ணும் தயாரிப்புக் காலமும் குறிப்பிடப்படும். கெடு முடிவதற்குள் வேலையை முடித்து, உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் லாக் புக்கில் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் பறக்க முடியாது.

எல்லா விமானத்துக்கும் ஒரே கண்டிப்பு இல்லை. ஹன்சா 3ஐ டி.ஜி.சி.ஏ. ஆராய்ந்து 2000ல் சான்று தந்தது. அமெரிக்கா 2004ல் கொண்டுவந்த 'லைட் ஸ்போர்ட்' விதியிலோ, சுமார் 600 கிலோ வரையுள்ள விமானத்துக்குத் தயாரிப்பாளரே 'தரப்படி உள்ளது' என்று உறுதி தரலாம் என்று இருந்தது. பாதுகாப்பு உத்தரவும் அவரிடமிருந்தே வரும். விலை குறையும், உண்மைதான். ஆனால் நான் எழுதிய புரோகிராமுக்கு நானே 'ஓ.கே.' போட்ட நாட்களில், மறுநாள் அதில் தவறு கண்டுபிடித்தவர் பெரும்பாலும் வேறொருவர்தான்!

ஹன்சாவின் புதிய வடிவம் ஹன்சா என்.ஜி., 2021 செப்டம்பர் 3ல் முதன்முதலாகப் பறந்தது. இதன் ரோட்டாக்ஸ் 912 ஐ.எஸ். எஞ்சினில் கார்புரேட்டரே இல்லை. பெட்ரோலை அளந்து விடுவது கம்ப்யூட்டர். மிதவைத் தொல்லை தீர்ந்தது. ஆனால் புதிய கவலை ஒன்று வந்தது. மின்சாரம் போனால் எஞ்சின் நின்றுவிடும். அதனால் கண்ட்ரோல் பகுதி ஏ, பி என்று இரட்டையாக உள்ளது. ஏ பழுதானால் பி பொறுப்பேற்கும். ஜெனரேட்டரும் இரண்டு. எஞ்சினுக்கான ஜெனரேட்டர் நின்றால் மற்றது எஞ்சினைக் கவனிக்கும். ரேடியோ போன்றவை பேட்டரியை நம்பியிருக்க வேண்டியதுதான். புறப்படும் முன் பைலட் ஏ, பி இரண்டையும் ஒவ்வொன்றாக அணைத்துச் சோதிப்பார்.

இத்தனைக்குப் பிறகும் எஞ்சின் நின்றால்? 2022 மே 17ல் கர்நாடகத்தின் சள்ளகெரேயில் அதையும் சோதித்தார்கள். விமானப்படையின் இரண்டு சோதனை பைலட்டுகள் 7000 முதல் 8000 அடி உயரத்தில் எஞ்சினை வேண்டுமென்றே நிறுத்தி, வானத்திலேயே மீண்டும் ஸ்டார்ட் செய்தார்கள்.