கணிப்பொறியை அறிவோம்: தொடங்குவோருக்கு ஒரு பாடம்

கூட்டுறவுச் சங்கம் என்பது அங்கத்தினரின் சொந்த உடைமை. உடையவர் தம் கணக்கைத் தாமே பார்த்து அறியும் ஆற்றல் பெற்றிருத்தல் வேண்டும் என்பது யாவரும் ஒப்புக்கொள்ளும் உண்மை. பேரேடும் பாஸ் புத்தகமும் மட்டுமே இருந்த நாளில், எழுத்தறியாத அங்கத்தினர் பிறர் படித்துச் சொன்னதை நம்பிக் கைநாட்டு வைத்தார். அவருடைய கணக்குச் சரியா, பிழையா என்பது படித்துச் சொன்னவரின் நேர்மையைப் பொறுத்திருந்தது. அக்குறையை நீக்கவே முதியோர் கல்வி வகுப்புகள் தோன்றின.

இன்று பேரேடு கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டது. நாடெங்கும் உள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்கும் திட்டத்திற்கு, 2,516 கோடி ரூபாய் மதிப்பில், 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இந்நிலையில், கணிப்பொறியைக் கண்டு ஒதுங்கி நிற்பவர் மீண்டும் பழைய கைநாட்டுக் காலத்திற்கே திரும்பியவர் ஆவார். “கணிப்பொறி போட்ட கணக்குத் தவறாது” என்று பிறர் கூறினால், மறுமொழி சொல்ல அவருக்கு வழி இராது. ஆகவே இப்பொறியின் இயல்பை அறிந்து, அதனோடு அச்சமின்றிப் பழகுவது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் காண்போம்.

தறிக்கு உறவான பொறி

நெசவாளருக்குக் கணிப்பொறி அயலானது அன்று. பிரான்சு நாட்டு லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜக்கார்டு என்பவர், துளையிட்ட அட்டைகளால் பூவேலை நெய்யும் கருவியை 1804ஆம் ஆண்டில் அமைத்தார். அட்டையில் துளை உள்ள இடத்தில் பாவு இழை மேலே தூக்கப்படும். துளை இல்லாத இடத்தில் இழை அசையாது நிற்கும். இவ்விரண்டே நிலைகளால் மயிலும் மாங்காயும் துணியில் மலர்கின்றன. சேலையில் கரையும் முந்தியும் நெய்யும் நம் ஜக்கார்டு பெட்டிகளும் இதே முறையில் வேலை செய்வனவே.

இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், 1830களில் தாம் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்திற்குக் கட்டளையிட, ஜக்கார்டின் அட்டை முறையையே தேர்ந்துகொண்டார். அவ்வியந்திரத்தை 1843இல் விளக்கி எழுதிய அடா லவ்லேஸ் அம்மையாரும் நெசவையே உவமையாக எடுத்தாண்டார். இன்றைய கணிப்பொறியில் அட்டை இல்லை. ஆயினும் உண்டு, இல்லை என்னும் இரு நிலைகளே அதன் உள்ளே ஓடும் மொழி. அட்டையில் எவ்வாறு அடித்தோமோ அவ்வாறே தறி நெய்யும். தப்பாக அடித்தால் தப்பாகவே நெய்யும். கணிப்பொறியின் இயல்பும் அதுவே. அதற்குச் சொந்த அறிவும் இல்லை, கோபமும் இல்லை. இட்ட கட்டளையை நிறைவேற்றுவது ஒன்றே அதன் தொழில்.

மேசையும் பெட்டியும்

பெரிய கூடங்களை அடைத்து நின்ற கணிப்பொறி, 1970களின் பிற்பகுதியில் ஒருவர் தம் மேசையில் வைத்துப் பயன்படுத்தும் அளவிற்குச் சிறுத்தது. 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பொறி, “பெர்சனல் கம்ப்யூட்டர்” என்னும் பெயரை உலகெங்கும் நிலைநாட்டியது. தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், நம் நெசவாளர், உழவர் இல்லங்கள் பலவற்றிற்கும் இப்பொறி வந்து சேர்ந்தது. பிள்ளையின் படிப்பு முடிந்தபின் பரண்மேல் உறங்கும் அப்பொறியே, நல்ல நிலையில் இருந்தால், பெற்றோரின் பயிற்சிக்குப் போதுமானது.

பொறியின் உறுப்புகளை எளிதில் நினைவிற்கொள்ளலாம். விசைப்பலகையும், மவுஸ் எனப்படும் சுட்டியும் நாம் சொல்வதைப் பொறிக்கு எடுத்துச் செல்வன. திரை, பொறி சொல்வதை நமக்குக் காட்டுவது. இடையே கணக்கிடும் பகுதி ஒன்று உண்டு. இவை தவிர, தொடங்குவோர் தவறாது அறியவேண்டியவை இரண்டு: ஒன்று நினைவகம்; மற்றொன்று சேமிப்பகம்.

சங்கத்தின் கணக்கர் காலையில் பெட்டியைத் திறந்து, வேண்டிய ஏட்டை எடுத்து மேசைமேல் விரிக்கிறார், எழுதுகிறார், மாலையில் மீண்டும் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார். மேசை போன்றது நினைவகம். பெட்டி போன்றது சேமிப்பகம். நாம் தட்டெழுதுவன யாவும் முதலில் மேசைமேல்தான் இருக்கும். மின்சாரம் நின்றால் மேசைமேல் இருப்பது மறைந்துபோம். பெட்டியில் வைத்தது அழியாது. மேசையிலிருப்பதைப் பெட்டியில் வைப்பதற்கே “சேவ்” செய்தல், அதாவது சேமித்தல் என்று பெயர். சில மென்பொருள்கள் தாமாகவே அவ்வப்பொழுது சேமிக்கும் என்றாலும், அதனை நம்பியிராமல், கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு ‘எஸ்’ எழுத்தைத் தட்டும் வழக்கத்தை முதல் நாளிலேயே கைக்கொள்ளுதல் நலம். மின்வெட்டு மிகுந்த ஊர்களில் இவ்வழக்கம் இன்றியமையாதது.

பெட்டியில் வைக்கும் ஒவ்வோர் ஏட்டிற்கும் கோப்பு என்று பெயர். பல கோப்புகளை இட்டு வைக்கும் உறை கோப்புறை எனப்படும். கோப்பிற்குப் பெயரிடும்பொழுது “புதியது”, “கணக்கு” என்று பொதுவாக எழுதாமல், “கூலிக்கணக்கு 2025 ஜனவரி” என்று விளங்க எழுதுதல் வேண்டும். முக்கியமான கோப்புகளின் மறுபடி ஒன்றைப் பென்டிரைவில் எடுத்து வேறிடத்தில் வைத்திருப்பதும் முன்னெச்சரிக்கையே.

கையைப் பழக்குதல்

தொடங்குவோரை முதலில் வருத்துவது சுட்டி. கை ஓரிடத்தில் அசைய, அம்புக்குறி வேறிடத்தில் ஓடுவது முதலில் விந்தையாகவே தோன்றும். சுட்டியை இறுகப் பற்ற வேண்டுவதில்லை. மணிக்கட்டை மேசைமேல் தளர்வாக வைத்தால் போதும். இடப்பக்கப் பொத்தானை ஒருமுறை தட்டினால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். விரைந்து இருமுறை தட்டினால் திறக்கும். அழுத்தியபடி நகர்த்தினால் பொருள் உடன் நகரும். இவற்றைப் பழகச் சீட்டு அடுக்கும் விளையாட்டு மிகவும் ஏற்றது. 1990இல் வெளிவந்த விண்டோஸ் 3.0 பதிப்பிலேயே “சாலிட்டேர்” என்னும் அவ்விளையாட்டு சேர்க்கப்பட்டிருந்தது. நாள்தோறும் கால்மணி நேரம் ஆடினால், ஒரு வாரத்தில் கை தானே பழகிவிடும். நாடா ஓட்டிய கைக்கு இது பெரிதன்று.

தட்டெழுதுவதற்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்பது தவறான எண்ணம். தமிழ்நாட்டு அரசு 1999ஆம் ஆண்டில் ஏற்ற “தமிழ்99” விசைப்பலகை அமைப்பில், உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. ‘க’வைத் தட்டி ‘ஆ’வைத் தட்டினால் ‘கா’ தோன்றும். பள்ளியில் நாம் கற்ற உயிர்மெய் இலக்கணமே இங்கும் முறை. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் ஆகிய 31 விசைகளால் 247 எழுத்துகளையும் எழுதலாம். முதல் நாள் தம் பெயரையும், இரண்டாம் நாள் ஊர்ப்பெயரையும், பின்னர் நூல் வகைகள், பயிர்களின் பெயர்கள் ஆகியவற்றையும் எழுதிப் பழகுக.

அஞ்ச வேண்டாததும் அஞ்ச வேண்டியதும்

“தவறான பொத்தானைத் தட்டினால் பொறி கெட்டுவிடுமோ?” என்பதே பலருடைய முதல் அச்சம். விசை தட்டுவதனால் பொறி உடைவதில்லை. தவறாக எழுதியதை, கண்ட்ரோல் விசையுடன் ‘இசட்’ எழுத்தைத் தட்டிப் பெரும்பாலும் திரும்பப் பெறலாம். பிழையாக நெய்த இழையைப் பிரித்து மீண்டும் நெய்வதைப் போன்றது இது. வேண்டாத கட்டம் ஏதேனும் திரையில் தோன்றினால், இடது மேல்மூலையில் உள்ள ‘எஸ்கேப்’ விசையைத் தட்டிப் பார்க்கலாம். அழிக்கட்டுமா என்று பொறி கேட்டால் மட்டும், அவசரப்படாமல் முழுவதும் படித்தபின் விடை கூறுக. படிக்காமல் “ஆம்” என்பது, படிக்காமல் கையொப்பம் இடுவதற்கு ஒப்பாகும்.

அஞ்ச வேண்டியவை வேறு. பொறி எழுதிக்கொண்டிருக்கும்பொழுது மின்விசையை நிறுத்திவிட்டால் கோப்புகள் சிதைவுறக்கூடும். ஆதலின் “ஷட் டவுன்” கட்டளையைக் கொடுத்து, திரை அணைந்த பின்னரே மின்விசையை நிறுத்துக. அறியாதவர் அனுப்பும் இணைப்புகளைத் திறவாதீர். கடவுச்சொல்லையும், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் எவர் கேட்பினும் சொல்லாதீர். வங்கி அலுவலர் என்று கூறிக்கொள்பவருக்கும் இவ்விதி பொருந்தும். ஏமாற்றப்பட்டுப் பணம் போயிற்று எனில், காலம் தாழ்த்தாது 1930 என்னும் எண்ணிற்குத் தெரிவிக்க வேண்டும். பொறியால் வரும் கேட்டினும், பொறியின் பெயரால் மனிதர் செய்யும் கேடே பெரிது.

ஒரு கணக்குப் பயிற்சி

கட்டங்கள் நிறைந்த பேரேட்டுத் தாள் போன்ற மென்பொருளுக்கு விரிதாள் என்று பெயர். “விசிகால்க்” என்ற பெயருடன் 1979ஆம் ஆண்டில் இது முதன்முதல் கடைக்கு வந்தது. இன்று “எக்செல்” பலராலும் அறியப்பட்டது. “லிப்ரே ஆபீஸ் கால்க்” விலையின்றிக் கிடைப்பது.

நெசவாளர் ஒருவரின் கூலிக்கணக்கை எடுத்துக்கொள்வோம். முதற்பத்தியில் தேதி, ‘பி’ பத்தியில் ஒப்படைத்த சேலைகள், ‘சி’ பத்தியில் ஒரு சேலைக்குக் கூலி, ‘டி’ பத்தியில் மொத்தக் கூலி. முதல் வரி தலைப்பு ஆதலால், கணக்கு இரண்டாம் வரியில் தொடங்கும். 4 சேலை, கூலி 850 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ‘டி2’ கட்டத்தில் சமக்குறி இட்டு, பி2 என்று எழுதி, பெருக்கலுக்குரிய நட்சத்திரக் குறி இட்டு, சி2 என்று எழுதி, ‘என்டர்’ விசையைத் தட்டுக. கட்டங்களின் பெயர்களை ஆங்கில எழுத்தில் இடுதல் வேண்டும். 3,400 என்று விடை தோன்றும். அடுத்த வரியிலும் அவ்வாறே, 3 சேலைக்கு 2,550. இரண்டையும் கூட்டினால் 5,950.

இப்பொழுது 3 என்பதை 5 என்று மாற்றிப் பாருங்கள். அவ்வரி 4,250 ஆகவும், கூட்டுத்தொகை 7,650 ஆகவும் தாமே மாறிவிடும். அடுத்து, வேண்டுமென்றே 30 என்று எழுதிப் பாருங்கள். ஒரு தடையுமின்றி 25,500 என்று பொறி காட்டும்! பெருக்கலில் பிழையில்லை, ஆனால் எண் பொய். சேலை மூன்றா, முப்பதா என்பதைப் பொறி அறியாது, நெய்தவர் அறிவார். ஆகையால் அச்சிட்ட சீட்டு என்பதனாலேயே ஒரு கணக்கை மெய்யென ஏற்கலாகாது. பருத்தி எடையும் விலையும் கொண்ட விற்பனைச் சீட்டைப் பெறும் உழவரும் இதனை நினைவிற்கொள்க. வீட்டில் தாம் எழுதிய விரிதாளையும், சங்கம் தரும் சீட்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, வேறுபாடு கண்டால் உடனே கேட்பது அங்கத்தினரின் உரிமை. அதனைப் பொறுமையுடன் விளக்குவது சங்கத்தின் கடமை.

கற்பிப்போருக்கு ஒரு சொல்

சொல்லிக்கொடுப்பவர் சுட்டியைத் தம் கையில் வாங்கிக்கொண்டால், கற்பவர் வேடிக்கை பார்ப்பவர் ஆகிவிடுவார். எத்துணை நேரமானாலும் கற்பவரின் கையே சுட்டியின்மேல் இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு செயல். அதனையும் அவர் தம் கையாலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும். முதியவரை இளையவர் நகையாடுதல் கூடாது.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், 1844ஆம் ஆண்டில், நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர் கூடிக் கூட்டுறவுக் கடையை நிறுவினர். சில ஆண்டுகளில் அவர்கள் படிப்பகமும் நூலகமும் அமைத்து, இலாபத்தில் ஒரு பங்கைக் கல்விக்கு ஒதுக்கினர். 1995ஆம் ஆண்டு சர்வதேசக் கூட்டுறவு நிறுவனம் வகுத்த ஏழு கொள்கைகளுள் கல்வியும் பயிற்சியும் ஐந்தாவது. அவ்வழியில், ஒவ்வொரு சங்கமும் வாரத்தில் ஒரு மாலைப் பொழுதேனும் ஒரு கணிப்பொறியை அங்கத்தினர் பயிற்சிக்கு ஒதுக்கித் தருமாயின், கணக்கும் தூய்மை பெறும்; சங்கமும் வலிமை பெறும்.

வினாக்கள்

1. நினைவகத்திற்கும் சேமிப்பகத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. சேமிப்பதற்கு முன் மின்சாரம் நின்றால் என்ன நேரும்?
3. ஓ.டி.பி. எண்ணை ஏன் பிறருக்குச் சொல்லலாகாது?
4. உங்கள் சென்ற மாதக் கூலிக்கணக்கை, அல்லது விளைபொருள் விற்பனைக் கணக்கை, விரிதாளில் எழுதுக. சங்கத்தின் சீட்டோடு அது ஒத்திருக்கிறதா?