ஆர்வி ட்ரிப்: கேம்ப்கிரவுண்ட் வாடகை குறைஞ்சா செலவும் குறையுமா?

ஆர்வி வாடகைக்கு எடுக்கிறதா, ஹோட்டலில் தங்குறதா என்கிற கணக்கை போன வீடியோவில் பார்த்தோம். அடுத்த கேள்வி, வண்டியை எடுத்தாச்சு, எங்கே நிறுத்துறது? கடலும் தேசியப் பூங்காவும் ஒரே இடத்தில் இருந்தா இந்தக் கேள்விக்கு ரொம்பவே காசு செலவாகும். நான் தப்புக் கணக்குப் போட்டுக் கத்துக்கிட்டது மெய்ன் மாநிலத்தில் இருக்கிற அகாடியாவில். நியூ ஜெர்சி, பாஸ்டன் பக்கம் இருக்கிற நம்ம ஆட்கள் நிறையப் பேர் கோடையில் போற இடம்தான், அதனால அதையே உதாரணமா வச்சுக்கலாம்.

முதல்ல இடத்தைப் புரிஞ்சுக்கோங்க. பூங்காவின் பெரும்பகுதி மவுண்ட் டெசர்ட் என்கிற தீவில் இருக்கு. ட்ரென்டன் ஊர்ப் பக்கம் பாலம் ஏறித்தான் தீவுக்குள்ள போகணும். பாலத்துக்கு இந்தப் பக்கம், அதாவது கரைப் பக்கம், கேம்ப்கிரவுண்ட் வாடகை குறைவு. தீவுக்குள்ள போகப் போக ஏறும், கடலைப் பார்த்த மாதிரி இடம்னா இன்னும் ஏறும்.

நாங்க போனப்போ கரைப் பக்கம் ஒரு இடம் ராத்திரிக்கு 45 டாலர், தீவுக்குள்ள இன்னொண்ணு 85 டாலர். அஞ்சு ராத்திரிக்கு 225, 425. இருநூறு டாலர் மிச்சம்னு சந்தோஷமா முதல் இடத்தை புக் பண்ணினேன். பூங்கா 25 மைல்தானேன்னு ஒரு தைரியம்.

முதல் ரெண்டு நாள் ஆர்வியிலேயே போய் வந்தோம். போக வர 100 மைல். எங்க வாடகை ஒப்பந்தத்தில் மைலுக்கு 40 சென்ட், அது 40 டாலர். வண்டி கேலனுக்கு 8 மைல்தான் கொடுத்துச்சு, கேலன் 3.50 கணக்கில் பெட்ரோல் 44 டாலர். ஆக 84. ஆனா நிஜமான வலி அது இல்லை. சாண்ட் பீச், ஜோர்டன் பாண்ட் மாதிரி இடங்களில் ஜூலை மாசம் காருக்கே இடம் கிடைக்காது, 25 அடி வண்டியை எங்கே நிறுத்துறது? ரெண்டாவது நாள் சுத்திச் சுத்திட்டு ஒரு இடத்திலயும் இறங்காமலே திரும்பினோம். பசங்க பின்னாடி தூங்கிட்டாங்க, வீட்டுக்காரம்மா ஒரு வார்த்தை பேசலை. அவங்களுக்கு அந்த வருஷம் கிடைச்ச லீவே பத்து நாள்தான், அதில் ஒரு நாளை நான் ரோட்டில் கரைச்சுட்டேன். மறுநாள் காலையில் ரெண்டு நாளைக்குக் கார் வாடகைக்கு எடுத்தேன், பெட்ரோலோட 175 டாலர்.

225, 84, 175 கூட்டிப் பாருங்க: 484. பக்கத்தில் இருந்த 85 டாலர் இடத்தை எடுத்திருந்தா 425தான்.

ஏன் 425லேயே முடிஞ்சிருக்கும்? ஐலண்ட் எக்ஸ்ப்ளோரர் என்கிற இலவச பஸ். ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் பாதி வரைக்கும் தீவு முழுக்க ஓடுது, காசு கிடையாது. பூங்கா நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு இதுக்குத்தான் போகுது, அதாவது நீங்க ஏற்கனவே பணம் கட்டிட்டீங்க. தீவில் இருக்கிற நிறைய கேம்ப்கிரவுண்டுகளில் இந்த பஸ் உள்ளேயோ வாசலிலோ நிற்கும். வண்டியை ஒரு தடவை நிறுத்தி, ப்ளக் சொருகிட்டு, கிளம்புற அன்னிக்குத்தான் திரும்ப எடுப்பீங்க. அதனால கேம்ப்கிரவுண்ட் தேடும்போது மேப்பில் கடலைத் தேடாதீங்க, பஸ் ஸ்டாப்பைத் தேடுங்க.

கடல் பார்த்த இடத்துக்கு அதிகம் கொடுக்கலாமா? பசங்க தண்ணியில் விளையாடுவாங்கன்னு நினைச்சுக் கொடுக்கப் போறீங்கன்னா வேண்டாம். சாண்ட் பீச் தண்ணி கோடையிலேயே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுறது அபூர்வம், நம்ம மெரினா நினைப்போட காலை வச்சா விறைச்சுப் போகும். காலையில் காபி குடிச்சுக்கிட்டே கடலைப் பார்க்கணும், அதுக்காகவே போறோம்னா கொடுங்க, அது உங்க இஷ்டம். ஆனா நிறைய நாள் காலையில் பனிமூட்டம்தான் தெரியும்.

பூங்காவுக்குள்ளேயே இருக்கிற பிளாக்வுட்ஸ் கேம்ப்கிரவுண்ட் இன்னும் மலிவு. சமீப வருஷங்களில் ராத்திரிக்கு 30 டாலர், பஸ்ஸும் அங்கே வரும். கரண்ட், தண்ணி, கழிவுநீர் கனெக்‌ஷன் எதுவும் கிடையாது, ஷவரும் இல்லை. ஜெனரேட்டர் குறிப்பிட்ட நேரங்களில்தான் ஓட்டலாம். ஆனா மெய்னில் கோடை ராத்திரிக்கு ஏசி பெரும்பாலும் தேவைப்படாது, ஃப்ரிட்ஜ் ப்ரொபேன் கேஸில் ஓடும். சின்ன ஜோடின்னா நான் கண்ணை மூடிட்டு இதைத்தான் சொல்வேன். கூட அப்பா வர்றார், ராத்திரி மூச்சுக் கருவி மாட்டணும்னா கரண்ட் இருக்கிற இடம்தான் வேணும், அதில் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. முன்பதிவு ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் மட்டும்தான், நேரில் போய் நின்னா இடம் கிடைக்காது. ஸ்கூடிக் வுட்ஸ்னு இன்னொண்ணு பூங்காவோடதுதான், கரண்ட்டும் உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க, அது தீவில் இல்லை, பார் ஹார்பரிலிருந்து ரோடு வழியா ஒரு மணி நேரத்துக்கு மேல.

இன்னும் ஒரு விஷயம், இது ஆயிரக்கணக்கான டாலர் விஷயம். பூங்கா ரோடுகளில் பழைய கல் பாலங்கள் இருக்கு. ஸ்டான்லி புரூக் ரோட்டில் இருக்கிற பாலத்தின் உயரம் 10 அடி 4 அங்குலம். வாடகை ஆர்வி நிறைய 12 அடி உயரம். மேல்பக்கம் இடிச்சா வர்ற சேதத்தை நிறைய வாடகை இன்சூரன்ஸ்கள் ஏத்துக்கறதில்லை. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தைப் படிங்க, வண்டி உயரத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிக்கோங்க. சாதாரண கார் ஜிபிஎஸ்ஸுக்கு உங்க வண்டி உயரம் தெரியாது.

கேடிலாக் மலை மேல சூரிய உதயம் பார்க்கணும்னு எல்லாரும் கேப்பீங்க. அந்த ரோட்டில் ஆர்விக்கு அனுமதி இல்லை, இலவச பஸ்ஸும் மேல போகாது. அந்த ஒரு நாளுக்கு மட்டும் கார் எடுங்க. சீசனில் காருக்கு 6 டாலர் முன்பதிவு தனியா, நுழைவுக் கட்டணம் தனி.

இந்தியாவிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தா நுழைவுக் கட்டணத்தையும் புதுசாப் பாருங்க. 2026 ஜனவரியிலிருந்து 11 பூங்காக்களில் வெளிநாட்டிலிருந்து வர்ற, 16 வயசும் அதுக்கு மேலயும் ஆனவங்களுக்கு ஆளுக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் வந்திருக்கு, அகாடியாவும் அதில் ஒண்ணு.

மே மாசமோ ஜூன் ஆரம்பத்திலோ போறவங்க மேல சொன்ன பஸ் கணக்கை அப்படியே மறந்துடுங்க. அப்போ பஸ் ஓடாது, கார் வாடகையையும் சேர்த்துத்தான் ரெண்டு கேம்ப்கிரவுண்டையும் ஒப்பிடணும்.