போன பதினாறு கார்டுகள்

அன்று நான் தோற்றதற்கு நெட்வொர்க்கைக் குறை சொல்ல முடியாது. கல்லூரி விழா அரங்கில் வைஃபை நன்றாகவே இருந்தது. லெவலையும் குறை சொல்ல முடியாது. இருவருடைய கார்டுகளும் ஒரே லெவலில் நிறுத்தப்பட்டிருந்தன. 2022-இல் நடந்த அந்த க்ளாஷ் ராயல் இறுதிப் போட்டியில், மூன்றாவது ஆட்டம் தொடங்கும் முன்பே நான் தோற்றிருந்தேன். அதைப் புரிந்துகொள்ள எனக்கு வீடு திரும்பும் பேருந்துப் பயணம் முழுக்கத் தேவைப்பட்டது.

போட்டி ட்யூயல் முறை. 2020-இல் க்ளான் வார் புதிதாக மாறியபோது வந்த முறை இது. ஆளுக்கு நான்கு டெக், டெக்குக்கு எட்டு கார்டு, மொத்தம் 32. ஒரு கார்டு ஒரு டெக்கில்தான் இருக்கலாம். ஆடி முடித்த டெக்கை மறுபடி எடுக்க முடியாது. மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயித்தால் வெற்றி. சாதாரண லேடரில் ஒரே டெக்கை வைத்து ஆயிரம் ஆட்டம் ஆடிப் பழகிய கைக்கு இது வேறு விளையாட்டு. லாக் ஒரு டெக்கில் போனால் அடுத்ததில் இல்லை. ஃபயர்பாலும் அப்படித்தான், மஸ்கட்டீரும் அப்படித்தான்.

என் முதல் டெக் எல்லோருக்கும் தெரிந்த ஹாக் 2.6. ஹாக் ரைடர், மஸ்கட்டீர், கேனன், ஐஸ் கோலம், ஐஸ் ஸ்பிரிட், ஸ்கெலிட்டன்ஸ், ஃபயர்பால், லாக். இரண்டாவது காப்ளின் பேரல், பிரின்சஸ், டார்ட் காப்ளின், இன்ஃபெர்னோ டவர், ராக்கெட் வைத்த பெய்ட் டெக். மூன்றாவது பெக்காவோடு பேட்டில் ராம், பேண்டிட், ராயல் கோஸ்ட், எலக்ட்ரோ விசார்ட், மேஜிக் ஆர்ச்சர், பாய்சன், ஸாப். நான்காவது லாவா ஹவுண்டும் பலூனும்.

முதல் ஆட்டம் எளிது. எதிராளி கோலம் எடுத்தார். கிங் டவருக்குப் பின்னால் கோலத்தை வைத்ததும் பத்து எலிக்ஸிரில் எட்டு காலி. ஒரு எலிக்ஸிர் ஏற 2.8 நொடி ஆகும். நான்கு எலிக்ஸிர் கார்டு ஒன்றை அவர் போடவே இன்னும் ஐந்தரை நொடி வேண்டும். அதற்குள் மறுபக்கப் பிரிட்ஜில் ஹாக்கையும் ஐஸ் கோலத்தையும் இறக்கினேன். இதையே மூன்று முறை செய்தேன், டவர் விழுந்தது. இரண்டாவது ஆட்டத்தில் அவர் எக்ஸ்-போ. கடைசி வரை இழுத்து, டவர் உயிர்க் கணக்கில் கொஞ்சம் வித்தியாசத்தில் தோற்றேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

இப்போது அந்த இடத்துக்கு வருகிறேன். ஒன்றுக்கு ஒன்று. டெக் தேர்ந்தெடுக்க ஒரு நிமிடம் தந்தார்கள். என் கையில் பெக்கா, லாவா என இரண்டு டெக் மிச்சம். நான் யோசித்தது ஒரே விஷயம்: எதில் என் கை நன்றாக ஓடும்? பெக்காவில்தான். பின்னால் நின்ற நண்பனும், "மச்சி, யோசிக்காதடா, பெக்கா போடு" என்றான். போட்டேன்.

யோசித்திருக்க வேண்டியது வேறு. அவரிடமிருந்து பதினாறு கார்டு போய்விட்டது. கோலம், நைட் விட்ச், பேபி டிராகன், லம்பர்ஜாக், மெகா மினியன், டொர்னாடோ, லைட்னிங், பார்பேரியன் பேரல் முதல் ஆட்டத்தில் போயின. எக்ஸ்-போ, டெஸ்லா, ஆர்ச்சர்ஸ், நைட், ஸ்கெலிட்டன்ஸ், ஐஸ் ஸ்பிரிட், ஃபயர்பால், லாக் இரண்டாவதில் போயின. இந்தப் பட்டியலை ஒரு முறை மெதுவாகப் படியுங்கள். பலூனைத் தடுக்கும் டெஸ்லா இல்லை. என் லாவா டெக்கில் இருக்கும் ஃப்ளையிங் மெஷினை அடிக்க வேண்டிய ஃபயர்பாலும் லைட்னிங்கும் இல்லை. வானத்தில் பறப்பதை அடிக்கும் கார்டுகளில் நான்கைந்து காலி. என் லாவா டெக்குக்கு இதைவிட நல்ல நேரம் வராது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இரண்டு ஆட்டத்தில் அவர் லாவாவையும் பலூனையும் காட்டவே இல்லை. கோலம் ஆடுகிற ஒருவர், கனமான டாங்க் பின்னால் படை கட்டத் தெரிந்த ஒருவர், மிச்சம் வைத்திருப்பது என்னவாக இருக்கும்? என்னிடம் போனவையோ மஸ்கட்டீர், கேனன், ஃபயர்பால், பிரின்சஸ், டார்ட் காப்ளின், இன்ஃபெர்னோ டவர். பெக்காவை எடுத்தால் வானத்தைப் பார்க்க எனக்கு இருப்பது எலக்ட்ரோ விசார்டும் மேஜிக் ஆர்ச்சரும்தான். அவர் இதைக் கணக்குப் போட்டிருந்தார், நான் போடவில்லை.

லாவா ஹவுண்ட் வந்தது. ஏழு எலிக்ஸிர் பெக்கா தரையில் நடந்துபோக, ஏழு எலிக்ஸிர் லாவா அவள் தலைக்கு மேல் பறந்துபோனது. பெக்காவின் வாள் மேலே எட்டாது என்பது ஆறு வயதுக் குழந்தைக்கும் தெரியும். மறுபக்கம் பேட்டில் ராமும் பேண்டிட்டும் அனுப்பினேன். அவர் நடுவில் டூம்ஸ்டோன் வைத்தார், ராம் அதில் போய் முட்டியது. கடைசி நிமிடத்தில் எலிக்ஸிர் இரட்டிப்பு வேகத்தில் ஏறத் தொடங்கியதும் லாவாவுக்குப் பின்னால் பலூனும் சேர்ந்தது. எலக்ட்ரோ விசார்டின் மின்னல் லாவாவிலேயே சிக்கிக்கொள்ள, பலூன் டவருக்குப் போய்ச் சேர்ந்தது.

கை கொடுக்கப் போனபோதுதான் பார்த்தேன். அவர் போனுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அதில் இரண்டு வரிசையாக என் பதினாறு கார்டுகளும் எழுதியிருந்தன. "எழுதலன்னா மறந்துடும் ப்ரோ" என்றார், அவ்வளவுதான். எங்கள் குடும்பத்துக் கல்யாண மண்டபங்களில் ராத்திரி ரம்மி போடும் பெரியப்பாக்கள் எந்தச் சீட்டு கீழே விழுந்தது, யார் எதை எடுத்தார் என்று விடியும் வரை நினைவு வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்த நான், போனில் ஆடும்போது மட்டும் என் கையிலிருக்கும் நான்கு கார்டைத் தாண்டிப் பார்க்கவில்லை. இது இன்னும் உறுத்துகிறது.

அதனால் சொல்கிறேன், காகிதமும் பேனாவும் எடுத்துப் போங்கள். எல்லாவற்றையும் எழுத நேரமில்லை என்றால் மூன்றை மட்டும் எழுதுங்கள்: அவரிடம் எந்தக் கட்டடம் போயிற்று, எந்தப் பெரிய ஸ்பெல் போயிற்று, வானத்தை அடிப்பதில் எது போயிற்று. இந்த மூன்றும் தெரிந்தால் மூன்றாவது டெக் தானாக முடிவாகிவிடும். உங்கள் க்ளானில் லாவா ஆடுபவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். இரவு பத்து மணிக்கு மேல் அவரைப் பிடித்து, உங்கள் நான்கு டெக்கோடும் ஃப்ரெண்ட்லி ஆடிப் பாருங்கள். எந்த டெக் வானத்தைப் பார்த்து வாயடைத்து நிற்கிறது என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

க்ளானில் சிலர் இன்னொன்று சொன்னார்கள்: "ஹாக்கை முதலில் எரிச்சதுதான் தப்பு, நல்ல டெக்கை மூணாவதுக்கு வெச்சிருக்கணும்." இதை நான் ஏற்கவில்லை, இன்றும் ஹாக்கில்தான் தொடங்குகிறேன். முதல் ஆட்டத்தை விட்டுவிட்டு இரண்டாவதில் உயிருக்குப் போராடுகிறவன் கார்டு எண்ண மாட்டான், கை நடுங்கத்தான் ஆடுவான். நல்ல கவுண்டர் எல்லாம் முதல் இரண்டு டெக்கிலேயே குவிந்திருந்ததுதான் என் குறை. டாப் பிளேயரின் நான்கு டெக்கை அப்படியே காப்பி அடித்துத் தருகிறேன் என்று குரூப்பில் எழுதுகிற தம்பிக்கும் இதையே சொல்வேன். அந்த நான்கும் அவர் சந்திக்கும் எதிராளிகளுக்காகக் கட்டியவை, நம் எதிரில் உட்காருபவருக்காக அல்ல. பின்னால் நின்று பெக்கா போடச் சொன்ன நண்பனோடு இப்போதும் பேசுகிறேன். ஆனால் டெக் தேர்வு செய்யும் அந்த ஒரு நிமிடத்தில் என் பின்னால் யாரும் நிற்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன், அவனுக்கும் சேர்த்து.

பெக்கா டெக்கில் ராயல் கோஸ்ட்டை எடுத்துவிட்டு இன்ஃபெர்னோ டிராகனைப் போட்டேன். சராசரி எலிக்ஸிர் 3.9-லிருந்து 4 ஆயிற்று. கனமாகிவிட்டது, பிரிட்ஜில் வேகம் குறைந்துவிட்டது என்று க்ளானில் இன்னும் சண்டை போடுகிறார்கள். போன மாதம் க்ளான் வார் ட்யூயலில் மூன்றாவது ஆட்டத்தில் எதிரில் லாவா வந்தது. இன்ஃபெர்னோ டிராகன் அதை பிரிட்ஜ் தாண்டவிடாமல் உருக்கியது. அந்த ரீப்ளேயை குரூப்பில் போட்டிருக்கிறேன்.