குளிர்பதனப் பெட்டியில் பூசணம்

உணவு விடுதிகளின் சமையற்கூடங்களில் உள்ள பெரிய குளிர்பதனப் பெட்டிகளின் கதவோரங்களில், மழைக்காலத்தில் கரும்புள்ளிகள் தோன்றுவதைக் காணலாம். குளிரில் எவ்வுயிரும் வளராது என்று எண்ணியிருப்போருக்கு இது வியப்பளிக்கும். உண்மையில் குளிர் பூசணத்தைக் கொல்வதில்லை. அதன் வளர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. பெனிசிலியம், கிளாடோஸ்போரியம் ஆகிய இனங்களுள் சில 0 பாகை செண்டிகிரேடிலும் மெல்ல வளரவல்லவை. தென் பிரான்சில் ரோக்போர் என்னும் பாலாடைக்கட்டியைக் குளிர்ந்த குகைகளில் பக்குவப்படுத்துவதும் ஒரு பெனிசிலியமே.

ஆகவே நாம் கவனிக்க வேண்டுவது ஈரத்தையே. 35 பாகை வெப்பமுள்ள காற்று, ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 40 கிராம் வரை நீராவியைக் கொண்டிருக்கக்கூடும். 4 பாகையிலோ 6 கிராமுக்குச் சற்று மிகுதியாக மட்டுமே இயலும். கதவு திறக்கப்படுந்தோறும் உட்புகும் சமையற்கூடக் காற்று தன் மிகுதி நீரைக் குளிர்ந்த பரப்புகளில் துளிகளாகப் படியவிடுகிறது. கதவின் ரப்பர் விளிம்பிலுள்ள மடிப்புகளில் சிந்திய பாலும் குழம்பும் அந்நீருடன் சேர்ந்துவிட்டால், பூசணத்திற்கு வேறென்ன வேண்டும்? ரப்பர் இறுகி வெடித்திருந்தால், மூடிய கதவின் வழியாகவும் ஈரக்காற்று புகும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்க்கலாம். தடையின்றி வந்துவிடுமாயின் விளிம்பை மாற்றிவிடுவதே தக்கது. எத்துணைத் தேய்த்தும் பயனிராது.

தூய்மை செய்யுமுன் உணவுப் பொருள்களை வேறொரு குளிர்பெட்டிக்கு மாற்றி, மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும். சோப்புக் கலந்த வெந்நீரும் தூரிகையும் கொண்டு மடிப்புகளைத் தேய்த்துக் கழுவிய பின்னரே கிருமிநாசினியை நாட வேண்டும். அழுக்கின் மீது ஊற்றப்படும் குளோரின், அழுக்கோடு வினைபுரிந்தே வீணாகிவிடும். 4 சதவீதக் குளோரின் கொண்ட வெளுப்புக் கரைசல் 5 மில்லிலிட்டரை 1 லிட்டர் நீரில் கலந்தால் போதுமானது. மிகுதியாகச் சேர்த்தால் துருவேறா எஃகும் அரிக்கப்படும். சில நிமிடங்களுக்குப் பின் தூய நீரால் துடைத்து, நன்கு உலர்த்த வேண்டும். நீர் வடியும் குழாயும் அடித்தட்டும் பெரும்பாலும் மறக்கப்படுகின்றன, அவற்றையும் கழுவுக.

இக்கரைசலுடன் வினிகரையோ வேறு அமிலத்தையோ ஒருபோதும் சேர்க்கலாகாது. சேர்த்தால் நச்சுக் குளோரின் வாயு வெளிப்படும். ஆள் உட்சென்று வேலை செய்யும் குளிரறைகளில் இது உயிருக்கே கேடாகும். அங்குக் கதவைத் திறந்துவைத்தே பணியாற்ற வேண்டும்.

பூசணமாவது கண்ணுக்குப் புலப்படுகிறது. அதே ஈரத்தில், 4 பாகையிலும் பெருகவல்ல லிஸ்டீரியா என்னும் பாக்டீரியம், கருவுற்ற பெண்களின் சிசுவைப் பறிக்கக்கூடியது. அது நிறத்தாலோ மணத்தாலோ தன்னைக் காட்டிக்கொள்வதில்லை.