வேலைத்தலத்தில் அரும்பும் காதல்

இடம்பெயர்ந்து வந்த நாம் ஒரே தோட்டத்தில் வெங்காயம் நடுகிறோம்; ஒரே சங்கத்தில் கணக்கு எழுதுகிறோம். அங்கே இளையோர் இருவர் ஒருவரையொருவர் விரும்புவது இயல்பே. அது பிழையா? பேச்சுக்கால் நடத்த உறவினர் அருகில் இல்லாத வேளையில், கூட உழைப்பவரின் குணத்தை நேரில் கண்டு தெரிவுசெய்வது நல்லதாகவும் அமையலாம்.

ஆயினும் இரண்டு இடங்களில் நாம் விழிப்பாயிருக்க வேண்டும்.

முதலாவது, பணம். சங்கத்தின் வங்கிக் கணக்கில் இருவர் கையொப்பமிடுவது ஒருவரை மற்றவர் சரிபார்ப்பதற்காகவே. செயலாளரும் பொருளாளரும் காதலரானால் அந்தக் காவல் தளர்ந்துவிடும். அவர்கள் நேர்மையானவர்களாயினும் அங்கத்தவர் மனதில் ஐயம் எழும். ஒருவர் பதவியை விட்டுக்கொடுத்தால் இருவரின் நற்பெயரும் காக்கப்படும்.

இரண்டாவது, அதிகாரம். நாட்கூலிப் பட்டியலை எழுதுபவர், வேலை கேட்டு நிற்கும் பெண்ணிடம் விருப்பம் தெரிவித்தால், அவள் பயமின்றி மறுக்க முடியுமா? அதிகாரத்திலுள்ளவர் வேலைத்தலத்தில் ஒருவரை அவர் விரும்பாதவிடத்துப் பாலியல் நோக்குடன் அணுகுவது, இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்படி குற்றமாகும். 1995 ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளித்தது.

ஆகவே காதலுக்குத் தடை போட வேண்டியதில்லை. கணக்கு எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கிறதா? மறுத்தவளின் பெயர் மறுநாளும் கூலிப் பட்டியலில் இருக்கிறதா? அடுத்த சங்கக் கூட்டத்தில் இவ்விரண்டையும் கேட்டுப் பார்ப்போம்.